ஒடிசா இருக்கா?

விம்கோ நகர் என்ற பெயரைப் பிரித்துப் பார்த்தால் ஒரு வேடிக்கை கிடைக்கும். விம்கோ என்றால் வெஸ்டர்ன் இந்தியா மேட்ச் கம்பெனி. அதாவது மேற்கு இந்திய தீப்பெட்டிக் கம்பெனி. ஸ்வீடன் நாட்டுக்காரர்கள் 1923-ல் ஆரம்பித்தது. அதன் தொழிற்சாலைகளில் ஒன்று திருவொற்றியூரில் வந்தது. பக்கத்தில் வளர்ந்த ஊருக்கும் ரயில்வே ஸ்டேஷனுக்கும் அந்தப் பெயரே ஒட்டிக்கொண்டது. 2021-ல் திறந்த மெட்ரோ ஸ்டேஷனுக்கும் அதே பெயர்தான். ஆக, வங்காள விரிகுடாக் கரையில், இந்தியாவின் கிழக்கு ஓரத்தில், மேற்கு இந்தியா என்று ஒரு ஊர்!

அந்த ஸ்டேஷனில் தினமும் ஏறி இறங்கும் பிள்ளைகளில் எத்தனை பேருக்கு இது தெரியும்? தெரியாததில் தப்பே இல்லை. அதைக் கேட்க வேண்டிய தேவை அவர்களுக்கு வரவில்லை, அவ்வளவுதான். புவியியல் பாடத்தின் பிரச்சனையே இதுதான். "நாகாலாந்து - கோஹிமா, மணிப்பூர் - இம்பால்" என்று ராகம் போட்டு மனப்பாடம் செய்வார்கள். பரீட்சை முடிந்த மறுநாள் ராகம் மட்டும் ஞாபகம் இருக்கும்.

ஆனால் அதே பையனிடம் ட்ரம்ப் கார்டைக் கொடுத்துப் பாருங்கள். எந்த மல்யுத்த வீரர் எவ்வளவு உயரம், எவ்வளவு எடை, எத்தனாவது ரேங்க் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வான். ஞாபக சக்தி இல்லை என்று அவனைத் திட்டுவதில் அர்த்தமே இல்லை. ட்ரம்ப் கார்டில் ஒரு எண் தெரியாவிட்டால் கையில் இருக்கும் கார்டு போய்விடும். பாடப் புத்தகத்தில் மார்க்குதான் போகும், அதுவும் மூன்று மாதம் கழித்து!

இந்த ரகசியம் ராஜாக்களுக்கு எப்போதோ தெரிந்திருக்கிறது. பிரான்சின் பதினான்காம் லூயி சின்னப் பையனாக இருந்தபோது, அவனுக்குப் பாடம் சொல்லிக்கொடுக்க சீட்டுக்கட்டுகள் செய்தார்கள். கார்டினல் மசரன் சொல்லி, 1644-ல் வந்த அந்தக் கட்டுகளில் ஒன்று புவியியல். நாலு ஜாதிக்கு நாலு கண்டம்: ஐரோப்பா, ஆசியா, ஆப்பிரிக்கா, அமெரிக்கா. 1676-ல் ராபர்ட் மார்டன் என்ற லண்டன் வரைபடக்காரர் இன்னொரு வேலை செய்தார். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் சேர்த்து அப்போது 52 மாவட்டங்கள். சீட்டுக்கட்டிலும் 52 சீட்டு. ஒரு சீட்டுக்கு ஒரு மாவட்டத்தின் படம்!

ரொம்ப தூரம் போக வேண்டாம். நம்ம சென்னையிலேயே 2003-ல் மாநகராட்சிப் பள்ளிகளில் செயல்வழிக் கற்றல் வந்தது. ஆந்திராவின் ரிஷி வேலியைப் பார்த்து உருவாக்கிய முறை. 2007-08-ல் தமிழ்நாடு முழுக்க அரசு தொடக்கப் பள்ளிகளுக்கும் போனது. அதில் படித்தவர்களுக்கு ஏணிப்படியும் கலர் கலரான அட்டைகளும் நினைவிருக்கும். ஒவ்வொரு பிள்ளையும் தன் வேகத்தில் அட்டை எடுத்துப் படிக்கலாம். நல்ல முறைதான். ஆனால் அது தனித்தனியாகப் படிப்பதற்கான அட்டை. இங்கே சொல்லப்போவது நாலு பேர் சேர்ந்து உட்கார்ந்தால்தான் நடக்கும் விளையாட்டு.

1851 வாக்கில் இங்கிலாந்தில் ஹேப்பி ஃபேமிலீஸ் என்று ஒன்று வந்தது. நாலு நாலு கார்டாகக் குடும்பம் சேர்க்க வேண்டும். நம்ம ஊரிலும் பேப்பரைக் கிழித்து, பூ பெயர், பழம் பெயர் எழுதி, நாலு ஒரே மாதிரி சேர்க்கும் சீட்டு விளையாட்டை ஆடாதவர்கள் குறைவு. இரண்டையும் கலந்தால் இந்தியாவுக்கு அச்சாகப் பொருந்துகிறது. எப்படி என்று கேட்கிறீர்களா?

இப்போது இந்தியாவில் 28 மாநிலங்கள், 8 யூனியன் பிரதேசங்கள். மொத்தம் 36. நாலு நாலாகப் பிரித்தால் ஒன்பது செட்டு, மிச்சமே இல்லை. நாலு பேர் ஆடினால் ஆளுக்கு ஒன்பது கார்டு. கணக்கு இவ்வளவு சுத்தமாக வந்தால் காமர்ஸ் படிப்பவர்களுக்கு சந்தேகம் வரும். சரிபார்த்துக்கொள்ளுங்கள் :-)

1. தமிழ்நாடு, கேரளா, புதுச்சேரி, லட்சத்தீவு
2. கர்நாடகா, ஆந்திரா, தெலங்கானா, கோவா
3. மகாராஷ்டிரா, குஜராத், ராஜஸ்தான், தாத்ரா நகர் ஹவேலி - டாமன் டையூ
4. பஞ்சாப், ஹரியானா, சண்டிகர், டெல்லி
5. ஜம்மு காஷ்மீர், லடாக், இமாச்சலப் பிரதேசம், உத்தராகண்ட்
6. உத்தரப் பிரதேசம், மத்தியப் பிரதேசம், சத்தீஸ்கர், பீகார்
7. ஜார்க்கண்ட், மேற்கு வங்கம், ஒடிசா, அந்தமான் நிகோபார்
8. சிக்கிம், அஸ்ஸாம், அருணாச்சலப் பிரதேசம், மேகாலயா
9. நாகாலாந்து, மணிப்பூர், மிசோரம், திரிபுரா

கார்டுக்குச் செலவே இல்லை. வீட்டில் சேர்ந்து கிடக்கும் கல்யாணப் பத்திரிகைகளை ஒரே அளவில் வெட்டினால் போதும். ஒரு பக்கம் வெள்ளையாக இருப்பதாகப் பார்த்து எடுக்க வேண்டும். மாநிலத்தின் பெயரைப் பெரிதாக எழுதி, கீழே தலைநகரம், பேசும் மொழி, அந்த செட்டின் மற்ற மூன்று பெயர்கள்.

விதி மூன்றே மூன்று. முதல் விதி, ஒரு செட்டில் ஒரு கார்டாவது கையில் இருந்தால்தான் அந்த செட்டிலிருந்து இன்னொன்றைக் கேட்கலாம். இரண்டாவது, யாரிடம் கேட்கிறோம், எந்தக் கார்டு என்று பெயரைச் சரியாகச் சொல்ல வேண்டும். இருந்தால் அவர் கொடுத்தே ஆக வேண்டும், கேட்டவர் தொடர்ந்து கேட்கலாம். இல்லாவிட்டால் வாய்ப்பு அவருக்குப் போய்விடும். மூன்றாவது, நாலும் சேர்ந்ததும் தரையில் சாக்பீஸால் வரைந்த இந்தியாவில் அந்த நாலையும் சரியான இடத்தில் வைத்தால்தான் செட்டு செல்லும்.

மூன்றாவது விதி ரொம்ப முக்கியம். கார்டுக்கு ஒரு குறை உண்டு. கோவாவும் ராஜஸ்தானும் கையில் ஒரே அளவுதான். நிஜத்தில் ராஜஸ்தான் கோவாவைப் போல 90 மடங்குக்கும் மேல் பெரியது. அதைத் தரைப்படம்தான் சொல்லும். சிக்கிம் மற்ற மூன்றோடு ஒட்டாமல் தனியாக நிற்பதும், நடுவில் மேற்கு வங்கத்தின் ஒல்லியான சிலிகுரிப் பாதை இருப்பதும் தரையில் வைக்கும்போதுதான் தெரியும்.

செட்டு பிரித்ததில் சண்டை வரும். வரட்டும், அதுதான் வேண்டும். விம்கோ நகரில் ஒரு மொட்டை மாடி ட்யூஷனில் இந்த ஆட்டம் நடந்தது. எடுப்பது காலேஜ் படிக்கும் ஒரு அக்கா. முதல் நாளே ஒரு பையன் கேட்டான், "அந்தமான் ஏன்க்கா அந்த செட்டுல? கப்பல் நம்ம ஹார்பர்லேர்ந்துதானே போவுது?" சென்னையிலிருந்தும் போகிறது, கொல்கத்தாவிலிருந்தும் விசாகப்பட்டினத்திலிருந்தும் போகிறது. அப்படியானால் அந்தமான் யாருக்குப் பக்கம்? அடுத்து புதுச்சேரி. அதில் காரைக்கால் தமிழ்நாட்டுக்குள், மாஹே கேரளாவுக்குள், ஏனாம் ஆந்திராவுக்குள். இதை எந்த செட்டில் போடுவது? பத்து மார்க் கேள்விக்கு யாரும் இப்படி அடித்துக்கொண்டதில்லை.

அந்த மாடியில் ஏழெட்டுப் பிள்ளைகள். அதில் ஒரு பெண் ஆறாவது படிக்கிறாள். அப்பாவுக்கு கன்டெய்னர் யார்டில் வேலை. தமிழ் நன்றாகவே பேசுவாள், ஆனால் அளவாகத்தான். மற்றவர்களுக்கு அவள் "இந்திக்காரப் பொண்ணு". இது கெட்ட எண்ணத்தில் வைத்த பெயர் இல்லை. வடக்கே இருந்து யார் வந்தாலும் ஏரியாவில் பெரியவர்களும் அப்படித்தான் சொல்கிறார்கள்.

ஆட்டத்தில் ஒரு பையனின் கையில் ஜார்க்கண்டும் மேற்கு வங்கமும் இருந்தன. அவளைப் பார்த்து, "ஏய், உங்க ஊரு கார்டு இருக்கா?" என்றான்.

"செல்லாது. பேர் சொல்லிக் கேளு" என்றார் அக்கா.

பையன் யோசித்தான். "இந்திக்காரங்க ஊருதான்க்கா..."

"அப்படி ஒரு கார்டே கட்டுல இல்லையேடா."

எல்லோரும் சிரித்தார்கள். வாய்ப்பு அவளுக்குப் போனது. அவள் ஒரு நிமிஷம் அவனைப் பார்த்தாள். கையில் ஒன்றாவது இல்லாமல் அந்த செட்டைக் கேட்க முடியாது என்பது விதி ஆச்சே. "ஜார்க்கண்ட் இருக்கா?" இருந்தது. "மேற்கு வங்கம் இருக்கா?" அதுவும் இருந்தது. அந்தமானும் ஒடிசாவும் முதலிலிருந்தே அவள் கையில். நாலையும் எடுத்துக்கொண்டு போய் தரைப்படத்தில் வைத்தாள். ஒடிசாவை வைக்கும்போது மட்டும் படத்தைப் பார்க்கக்கூட இல்லை.

"உங்க ஊர்ல இந்திதானே பேசுவீங்க?" என்று அப்போதுதான் ஒருவன் கேட்டான்.

"இல்ல. ஒடியா."

சின்னப் பதில்தான். ஆனால் அத்தனை நாள் பக்கத்தில் உட்கார்ந்து யாரும் கேட்காத கேள்விக்கான பதில் அது. தமிழுக்கு 2004-ல் கிடைத்த செம்மொழி அந்தஸ்து 2014-ல் ஒடியாவுக்கும் கிடைத்தது என்று அக்கா சொன்னார். 2011 வரை ஒரிசா என்று எழுதியதைத்தான் இப்போது ஒடிசா என்று எழுதுகிறோம் என்றும் சொன்னார். பிறகு எண்ணூரில் விரலை வைத்து, கரையோரமாகவே மேலே கொண்டுபோனார். ஆந்திரா முழுக்கத் தாண்டினால் ஒடிசா. அங்கே பாரதீப் துறைமுகம். அங்கிருந்து கப்பலில் வரும் நிலக்கரிதான் எண்ணூர் காமராஜர் துறைமுகத்தில் இறங்கி அனல்மின் நிலையத்துக்குப் போகிறது. இந்த மாடியில் எரியும் ட்யூப் லைட்டுக்கும் அவள் ஊருக்கும் சம்பந்தம் உண்டு. இரண்டு ஊருக்கும் ஒரே கடல்.

புவியியலில் இதைவிடப் பெரிய பாடம் என்ன இருக்கிறது? பக்கத்தில் இருப்பவரின் ஊர்ப் பெயர் தெரியாமல் 36 தலைநகரங்களைச் சொல்லி என்ன பயன்? இந்த ஆட்டம் நல்ல குணத்தைப் போதிப்பதில்லை. "எல்லோரும் ஓர் நிறை" என்று சொற்பொழிவும் செய்வதில்லை. சரியான பெயர் சொல்லாவிட்டால் கார்டு கிடையாது என்கிறது, அவ்வளவுதான். கொடுக்கல் வாங்கலில் சரக்கின் பெயரையே தப்பாகச் சொன்னால் வியாபாரம் நடக்குமா?

ஒரு எதிர்ப்பு நிச்சயம் வரும். சீட்டு என்றாலே நம் வீடுகளில் பயம். சீட்டாட்டத்தில் சம்பளம் போன குடும்பங்களைப் பார்த்து வளர்ந்த பெற்றோர்களிடம் "பிள்ளைங்க சீட்டு ஆடுறாங்க" என்று சொன்னால் ட்யூஷனையே நிறுத்திவிடுவார்கள். அவர்கள் பயத்தில் நியாயம் இருக்கிறது. அதற்கு ஒரே வழி, ஒரு நாள் அவர்களையும் உட்கார வைத்து ஆடவிடுவதுதான். காசு கிடையாது, பந்தயம் கிடையாது என்று அவர்களே பார்த்துக்கொள்ளட்டும். பல அம்மாக்கள் பிள்ளைகளிடம் தோற்பார்கள் என்பது வேறு விஷயம்.

கடைசியாக ஒரு யோசனை. கார்டைப் பென்சிலில் எழுதுங்கள். 2000-ல் மூன்று மாநிலங்கள் புதிதாக வந்தன. 2014-ல் தெலங்கானா. 2019-ல் ஜம்மு காஷ்மீர் இரண்டு யூனியன் பிரதேசங்களாகப் பிரிந்தது. 2020-ல் தாத்ரா நகர் ஹவேலியும் டாமன் டையூவும் ஒன்றாகின. 2024-ல் போர்ட் பிளேர் ஸ்ரீ விஜயபுரம் ஆனது. கடையில் வாங்கிய கட்டு என்றால் தூக்கிப் போட வேண்டும். கல்யாணப் பத்திரிகைக் கட்டு என்றால் ரப்பரால் அழித்துவிட்டு, பிள்ளைகளையே திருத்தி எழுதச் சொல்லலாம். அழிக்கும்போது "ஏன் மாத்தினாங்க?" என்று ஒருவராவது கேட்பார்கள். அதற்கான பதிலை மட்டும் முன்னாடியே படித்து வைத்துக்கொள்ளுங்கள்!