ஒரு கோழியின் உள்ளங்கால்

நாமக்கல் வட்டாரத்தில் கோழி என்பது பெரிதும் ஓர் எண்ணிக்கை. எத்தனை கோழி வைத்திருக்கிறீர்கள் என்று கேட்டால் விடை ஆயிரங்களில் வரும். பெரிய பண்ணைக்காரராக இருந்தால் லட்சங்களில் வரும். முட்டைக் கொள்முதல் விலை இங்கே நாள்தோறும் பேசப்படும் செய்தி. பிற ஊர்த் தேநீர்க் கடைகளில் மழையைப் பற்றிப் பேசிக்கொள்வதைப் போல இவ்வூர்க் கடைகளில் ஐந்து காசு ஏறியதையும் பத்துக் காசு இறங்கியதையும் பேசிக்கொள்கிறார்கள். சத்துணவுக் கூடங்களுக்கும் கேரளத்துக்கும் இங்கிருந்து முட்டை போகிறது. 1985 முதல் ஒரு கால்நடை மருத்துவக் கல்லூரியும் இவ்வூரில் இயங்கிவருகிறது. இத்தகைய ஊரில் இருந்துகொண்டு, ஒரே ஒரு கோழியின் காலில் வந்த கட்டியைப் பற்றிக் கட்டுரை எழுத முற்படுவது வாசகர்களுக்குச் சற்று வேடிக்கையாகத் தோன்றலாம். தோன்றினால் அதில் பிழையில்லை. எங்கள் வீட்டிலேயே முதலில் சிரித்தவர்கள் உண்டு.

கல்லூரியில் தமிழ் கற்பிப்பது எங்கள் தொழில். கோழி வளர்ப்பு முழுவதும் அம்மாவின் ஆட்சிக்கு உட்பட்டது. நான்கு நாட்டுக்கோழிகள். அவற்றுள் ஒன்று சாம்பல் நிறத்தில் வெண்பொறிகள் தூவிய சிறுவெடைப் பெட்டை. பள்ளியில் படிக்கும் மகள் அதற்குப் ‘புள்ளி’ என்று பெயரிட்டாள். மற்ற மூன்றுக்கும் பெயரில்லை. “பேரு வெச்சா அறுக்க முடியாது, அதனால வெக்காதீங்கன்னு அன்னிக்கே சொன்னன்” என்பது அம்மாவின் நிலைப்பாடு. அனுபவம் சார்ந்த கருத்து அது. பெயரிடுதலுக்கும் உறவுக்கும் உள்ள தொடர்பைப் பற்றி எந்தக் கோட்பாட்டு நூலையும் அம்மா படித்ததில்லை.

புள்ளியின் நோயை முதலில் கண்டவள் மகள்தான். கோழி நோயைக் காட்டிக்கொள்ளாது. பிற உயிர்களுக்கு இரையாகும் பிறவி அது. தளர்ந்தது தெரிந்தால் பருந்தோ நாயோ அதைத்தான் முதலில் குறிவைக்கும். எனவே நடக்க இயலும்வரை நடந்துகொண்டே இருக்கும். ஒற்றைக் காலில் நிற்பதும் அடையாளமாகாது. நலமாக உள்ள கோழியும் ஓய்வு கொள்ளும்போது ஒரு காலை மடக்கித்தான் நிற்கும். கம்பு தூவினால் முதலில் ஓடி வரும் கோழி கடைசியாக வருகிறது என்பதே மகள் கவனித்த செய்தி. பிடித்துத் தூக்கிப் பார்த்தோம். வலது உள்ளங்காலில் புளியங்கொட்டை அளவுக்கு வீக்கம். அதன் நடுவே மிளகு போல் ஒரு கறுத்த பொருக்கு. தொட்டால் சூடாக இருந்தது.

கோழியின் உடலில் காணும் புடைப்புகள் எல்லாம் ஒன்றல்ல. கழுத்துக்குக் கீழே மாலையில் உருண்டையாகத் தென்பட்டு விடியற்காலையில் வற்றியிருந்தால் அது தீனிப்பை, நோயன்று. கொண்டையிலும் கண்ணோரத்திலும் அலகின் மூலையிலும் மருக்கள் போல் தோன்றினால் அது பெரும்பாலும் அம்மை. அதற்குக் காரணம் ஒரு வைரஸ். கொசு அதைக் கோழிக்குக் கோழி கொண்டு செல்கிறது. அந்த வைரஸை அழிக்கும் மருந்து இல்லை. வருமுன் தடுக்கத் தடுப்பூசி உண்டு. வந்துவிட்டால் பொருக்கைப் பிய்க்காமல், புண்ணில் வேறு கிருமி சேராமல் காத்து, தீனியும் நீரும் கொடுத்துவந்தால் சில வாரங்களில் பெரும்பாலும் தானே ஆறிவிடும். வேப்பிலையும் மஞ்சளும் அரைத்துத் தடவும் வழக்கம் இங்கே பல வீடுகளில் உண்டு. புள்ளிக்கு வந்தது இவற்றுள் எதுவுமன்று. அண்டை வீட்டார் ‘கால் ஆணி’ என்றனர். மருத்துவர் பாதச்சீழ்க்கட்டி என்றார்.

“கோழிக்குப் போயி ஆசுபத்திரியா? கறி வத்தறதுக்குள்ள அறுத்துக் கொழம்பு வெச்சுப்போடலாம்” என்றார் அம்மா. மகள் விடையேதும் கூறாமல் பழைய துணிப்பையில் கோழியை வைத்து, தலை மட்டும் வெளியே தெரியுமாறு பிடித்துக்கொண்டு வாசலில் நின்றாள். பிறகு பேச ஒன்றுமில்லை.

கால்நடை மருந்தகத்தில் இருந்தவர் இளம் பெண் மருத்துவர். பதிவேட்டில் விலங்கின் வகை, எண்ணிக்கை என்று கட்டங்கள் இருந்தன. ‘கோழி’ என்று எழுதிவிட்டு அடுத்த கட்டத்தில் ‘1’ என்று எழுதும்போது அவர் சிரித்துவிட்டார். கோழி என்றால் இங்கே கூட்டத்துக்குத்தான் வைத்தியம்: குடிநீரில் கலக்கும் மருந்து, கொட்டகை முழுமைக்கும் தடுப்பூசி. கொட்டகையில் தனிக்கோழி ஒன்று நோயுற்றால் அதை விலக்கிவிடுவதே முறை. அங்கே மருத்துவச் செலவு கோழியின் விலையை விஞ்சக் கூடாது. அந்தக் கணக்கில் பிழை காண எங்களுக்குத் தகுதியில்லை, நாங்களும் அந்த முட்டையை உண்பவர்களே. ஆயினும் சிரித்த பிறகு அவர் ஆற்றிய பணி சிறிதும் குறைவில்லாதது. துவாலையால் கோழியைச் சுற்றி அதன் கண்ணை மறைக்கச் சொன்னார். இருட்டில் கோழி அடங்கிவிடும். வெதுவெதுப்பான உப்பு நீரில் காலைப் பத்து நிமிடம் ஊறவைத்து, இடத்தை மரக்கச் செய்து, பொருக்கை நீக்கினார்.

உள்ளே இருந்தது நாங்கள் எதிர்பார்த்தது போன்ற சீழ் அன்று. மனிதரின் சீழ் நீர்த்து வழியும். பறவையின் சீழ் பாலாடைக்கட்டி போல இறுகிவிடும். சீழை நீர்க்கச் செய்யும் நொதிகள் பறவையின் வெள்ளணுக்களில் போதிய அளவு இல்லாமையே காரணம் என்று விளக்கினார். ஆகவே கோழியின் கட்டி உடைந்து தானே வடிந்துவிடும் என்று காத்திருப்பதில் பயனில்லை. ஆணிவேர் போல உள்ளிறங்கிய கெட்டிப் பொருளை முழுவதும் எடுத்தாக வேண்டும். விட்டுவிட்டால் கிருமி எலும்பையும் மூட்டையும் எட்டக்கூடும். இதை வீட்டில் சவரத் தகடு கொண்டு செய்ய முயல வேண்டாம் என்று அவர் திரும்பத் திரும்பச் சொன்னதை இங்கும் பதிவுசெய்கிறோம். அந்தப் புண்ணில் பெரும்பாலும் காணப்படும் ஸ்டபிலோகாக்கஸ் என்னும் கிருமி மனிதரையும் தாக்கவல்லது; கையுறை இன்றித் தொடலாகாது.

எங்கள் பங்கு அதன்பிறகு தொடங்கியது. நாள்தோறும் மாலையில் கட்டைப் பிரித்து, கழுவி, போவிடோன் அயோடின் இட்டு, மெல்லிய துணி வைத்து, விரல்களுக்கு இடையே எட்டு வடிவத்தில் சுற்றி ஒட்டவேண்டும். இறுக்கினால் விரல் வீங்கும். தளர்த்தினால் கோழி கொத்திப் பிரித்துவிடும். கோழியைப் பிடித்துக்கொள்ளும் வேலை அம்மாவுடையது. அறுக்கச் சொன்னவர்தான், ஆனால் எங்களுள் கோழி பிடிக்கத் தெரிந்தவர் அவர் ஒருவரே. சிறகுகளை அணைத்து, மடியில் மல்லாத்தி, முந்தானையால் அதன் தலையை மூடி வைத்துக்கொள்வார். “அடங்கு, அடங்கு” என்று அவர் சொல்லும் குரலை எங்கள் சிறுவயதில் காய்ச்சல் நாட்களில் கேட்டிருக்கிறோம்.

நோய்க்குக் காரணம் முற்றம்தான் என்று தெரிந்தது. கிராமத்து வீட்டை விட்டு இந்தக் குடியிருப்புக்கு வந்தபின் எங்கள் கோழிகளுக்கு வாய்த்தது சிமெண்ட் தரை. இரவில் மதில்மேல் ஏறி உறங்கி, விடிந்ததும் அதிலிருந்து சிமெண்டில் குதிக்கும். நாளும் குதிக்கும் காலில் சிறு கீறல் விழும். ஈரத்தில் அதன்வழியே கிருமி புகும். குறுந்தொகைப் புலவர் ஒருவரின் இயற்பெயர் நமக்குத் தெரியாது. குப்பைமேட்டில் தாமாகவே போரிடும் கோழிகளை உவமையாக்கியதால் குப்பைக்கோழியார் என்றே அழைக்கப்படுகிறார். 305ஆம் பாடல் அவருடையது. வகுப்பில் அதை நடத்தும்போதெல்லாம் போரைப் பற்றித்தான் பேசியிருக்கிறோம். குப்பையைப் பற்றிப் பேசியதில்லை. சாணமும் சருகும் மட்கிய அந்த மேடு கோழிக்கு எவ்வளவு மெத்தென்ற தரை என்பது இப்போது விளங்குகிறது. மதிலுக்கு முள் வைத்து ஏறாமல் தடுத்து, ஓரடி உயரத்தில் வழவழப்பான மரக்கழி ஒன்றை நட்டு, கீழே மணல் கொட்டினோம்.

மருத்துவர் ஐந்து நாட்களுக்கு நுண்ணுயிர்க்கொல்லியும் எழுதித் தந்திருந்தார். மருந்து கொடுக்கும் நாட்களிலும் அதன்பின் இரண்டு வாரங்களிலும் இடும் முட்டைகளை உண்ணலாகாது என்பது நிபந்தனை. புள்ளி அந்த நாட்களிலும் முட்டையிட்டது. முருங்கை மரத்தடியில் குழி தோண்டி அவற்றைப் புதைத்தோம். அம்மாவுக்குப் பொறுக்க முடியாமற் போனது இதுதான். அவர் வாழ்ந்த காலத்தில் கோழி ஒரு பெண்ணின் தனிக்கணக்கு. கணவரின் கை படாத பணம் அது ஒன்றே. எங்கள் தேர்வுக் கட்டணம் ஒருமுறை இரண்டு பெட்டைகளாகக் கூடையில் சந்தைக்குப் போனது. அவற்றுக்குப் பெயர் வைக்கக் கூடாது என்று அவர் சொன்னதன் பொருள் வேறு. எதை விற்க நேரும் என்று அன்று அவருக்குத் தெரியாது. முட்டையை மண்ணில் இடும்போது முகத்தைத் திருப்பிக்கொண்டு உள்ளே போய்விடுவார். மாலையானால் கோழியைப் பிடிக்க மட்டும் தவறாமல் வந்து அமர்வார்.

புள்ளியைத் தனியே பஞ்சாரத்தில் கவிழ்த்து வைத்தோம். சிவப்பைக் கண்டால் கோழிகள் கொத்தும். தோழமைக் கோழியின் புண்ணும் அதற்கு விலக்கன்று. கோழிக் கூட்டத்துள் யார் யாரைக் கொத்தலாம் என்று ஒரு வரிசை இருப்பதை நார்வே நாட்டு விலங்கியலாளர் தோர்லெய்ஃப் ஷெல்டெரூப்-எப்பெ ஆராய்ந்து 1920களின் தொடக்கத்தில் எழுதினார். மனிதச் சமூகத்தைப் பற்றி நாம் இன்று ஆளும் ‘கொத்துவரிசை’ என்னும் கருத்து அவர் கோழிகளிடம் கற்றது. இருபது நாட்களுக்குப்பின் வெளியே விட்டபோது புள்ளியின் இடம் பறிபோயிருந்தது. இரண்டாவதாகத் தின்ற கோழி நான்காவதாகத் தின்றது. மூன்று நாள் சண்டைக்குப்பின் மூன்றாம் இடத்தை மீட்டது. நாங்கள் குறுக்கிடவில்லை.

இதற்கிடையே நிகழ்ந்த ஒன்றைச் சொல்ல வேண்டும். சிகிச்சையின் ஒன்பதாம் நாளோ பத்தாம் நாளோ, கட்டுப் போட்டு முடித்து எழுந்தபோது அம்மா எழவில்லை. கோழியை இறக்கிவிட்டு, தம் இடது காலை நீட்டி, “அந்தத் துணி மிச்சமிருந்தா இங்கயும் ஒரு சுத்து சுத்தி உடு கண்ணு” என்றார் மகளிடம். பெருவிரலுக்குக் கீழே துவரம்பருப்பு அளவில் ஒரு புண். ஓரம் கறுத்திருந்தது. பன்னிரண்டு ஆண்டுகளாகச் சர்க்கரை நோய்க்கு மாத்திரை உண்பவர் அவர். எத்தனை நாளாக என்றோம். “தெரியல. வலி இருந்தாத்தான தெரியும்” என்றார்.

அன்றிரவு நாங்கள் அந்தத் துணியைச் சுற்றவில்லை. மறுநாள் காலை மருத்துவமனைக்கு அழைத்துச் சென்றோம். நீரிழிவு நெடுநாள் நீடித்தால் பாத நரம்புகள் உணர்விழக்கின்றன. செருப்பு கடித்தாலும் முள் குத்தினாலும் தெரிவதில்லை. கோழிக்கு வலி இருந்தது, மறைத்தது. அம்மாவுக்கு மறைக்க வலியே இல்லை. இறந்த தோலை நீக்கி, கட்டுப் போட்டு, அந்தக் காலில் பாரம் ஏற்றக் கூடாது என்றார் மருத்துவர். விரலுக்கு ஆபத்தில்லாத நிலையில் வந்துவிட்டீர்கள் என்றும் சொன்னார். ஏழு வாரங்களில் ஆறியது. நாள்தோறும் உள்ளங்காலைப் பாருங்கள், குனிய இயலாவிட்டால் கண்ணாடியில் பாருங்கள், வெறுங்காலுடன் நடக்காதீர்கள் என்பது அவருடைய அறிவுரை. இப்போது மாலைதோறும் கூண்டை அடைக்குமுன் மகள் டார்ச் விளக்கைப் பிடிக்க, அம்மா கோழிகளின் பாதங்களைப் பார்க்கிறார். பிறகு மகள் அம்மாவின் பாதங்களைப் பார்க்கிறாள். ஐந்து நிமிட வேலை.

புள்ளியின் காலில் இன்றும் ஒரு தடிப்பு இருக்கிறது. இந்த நோய் திரும்பி வரக்கூடியது என்பதால் கவனம் தேவை. சென்ற ஆடிப் பதினெட்டுக்கு உறவினர் வந்திருந்தனர். முன்பெல்லாம் முதல் நாளே எந்தக் கோழி என்று அம்மா முடிவு செய்துவிடுவார். இம்முறை பணத்தை எடுத்துக் கொடுத்து, “கடையில வாங்கிட்டு வந்துருங்க” என்றார். பெயரில்லாத மூன்றும் முற்றத்தில்தான் மேய்ந்துகொண்டிருந்தன. காரணத்தை நாங்கள் கேட்கவில்லை. கடையில் வாங்கிய கோழிக்கும் உள்ளங்கால் இருந்திருக்கும். அதை யாரும் தூக்கிப் பார்த்திருக்க மாட்டார்கள். சாப்பிட்டு முடிக்கும்வரை அது நினைவில் இருந்தது என்பதையும், சாப்பிட்டோம் என்பதையும் சேர்த்தே எழுதுகிறோம்.