களர் மண்ணும் விருத்தாசலத்துக் கையறிவும்

கடலூர் மாவட்டத்தில் மணிமுத்தாற்றங்கரையில் அமைந்த விருத்தாசலமும், ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தில் மெல்பர்னுக்கு வடமேற்கே ஏறத்தாழ 150 கி.மீ. தொலைவிலுள்ள பெண்டிகோவும் களிமண்ணைத் தொழிலாகக் கொண்ட ஊர்கள். விருத்தாசலத்தின் பீங்கான் தொழிற்பேட்டையில் சிறு பட்டறைகள் பொம்மைகளையும் மின்சாரப் பியூஸ் கேரியர்களையும் வார்த்துச் சூளையிலிடுகின்றன. பெண்டிகோவில் ஜார்ஜ் டங்கன் கத்ரி 1858இல் தொடங்கிய மட்பாண்டச் சாலை இன்றும் இயங்குகிறது. பாண்டத்துக்கு உகந்த மண் பயிருக்கு இடரானது என்பதை இரு ஊர்களும் அறியும். ஆனால் விருத்தாசலம் போன்ற ஊரிலிருந்து பெண்டிகோவின் காட்டோரத்தில் குடியேறும் தமிழ்க் குடும்பம் தன் தோட்டத்து மண்ணை முதன்முறை வெட்டிப் பார்க்கும்போது, தான் அறிந்த எதுவும் இங்கே பயன்படாது என்றே பெரும்பாலும் எண்ணிவிடுகிறது. அந்த எண்ணம் பிழையானது. பட்டறையும் மல்லாட்டை (நிலக்கடலை)க் கொல்லையும் கற்பித்தவை இம்மண்ணுக்கு நேரடியாகப் பொருந்தும்.

ஆஸ்திரேலியா 2019 நவம்பரில் அறிமுகப்படுத்திய 491 பிரிவு விசா, அதைப் பெறுவோர் சிட்னி, மெல்பர்ன், பிரிஸ்பேன் ஆகிய பெருநகரங்களுக்கு வெளியே வாழ்ந்து பணிபுரிய வேண்டும் என்றும், 3 ஆண்டுகளுக்குப் பின்னரே நிரந்தர வதிவுக்கு விண்ணப்பிக்கலாம் என்றும் விதிப்பதால், உள்நாட்டுச் சிற்றூர்களிலும் அவற்றை ஒட்டிய ‘புஷ்’ பகுதிகளிலும் வாழ்வது குடியேறியோர் பலருக்கு ஏற்றுக்கொள்ள வேண்டிய நிலையாகிறது. ‘புஷ்’ என்று அந்நாட்டார் வழங்குவது ஊருக்கு அப்பாற்பட்ட இயற்கைக் காட்டுநிலத்தை. பெண்டிகோவைச் சுற்றி அது கரிய தடித்த பட்டை கொண்ட அயன்பார்க் யூகலிப்டஸ் மரங்கள் நிறைந்த, மழை குறைந்த, சத்துக் குன்றிய காடு. அங்கு பரவலாகக் காணப்படும் மண்வகைகளுள் ஒன்றில், ஒரு சாண் அளவு மெலிந்த வண்டல் கலந்த மேல்மண்ணுக்குக் கீழே மஞ்சளும் சிவப்புமான இறுகிய களிமண் படுத்திருக்கும். கீழடுக்கில் சோடியம் மிகுந்திருப்பதால் ஆஸ்திரேலிய மண்ணியலார் அதைச் சோடோசோல் என்று வகைப்படுத்துகின்றனர். தமிழ்நாட்டு உழவர் களர் என்று குறிப்பிடுவதும் சோடியம் மிகுந்த நிலத்தையே. மழை பெய்தால் நீர் இறங்காமல் தேங்குவதும், வெயில் அடித்தால் மேற்பரப்பு ஓடுபோல் இறுகி வெடிப்பதும், முளை அந்த ஓட்டைத் துளைக்க முடியாமல் உள்ளேயே மடங்கிக் கிடப்பதும் இரு நாட்டிலும் இதன் அடையாளங்கள்.

இதன் காரணத்தைப் பீங்கான் பட்டறையிலிருந்து தொடங்கினால் எளிதாக விளங்கிக்கொள்ளலாம். களிமண்ணின் துகள் 0.002 மில்லிமீட்டருக்கும் சிறிய தகடு. அடுக்கி வைத்த அப்பளங்களைப் போல் ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடக்கும் இத்தகடுகளின் பரப்பில் எதிர்மின்னூட்டம் இருப்பதால், நீரில் கரைந்த நேர்மின் அயனிகள், அதாவது மின்னூட்டம் பெற்ற அணுக்கள், அவற்றின்மீது வந்து ஒட்டிக்கொள்கின்றன. இரட்டை மின்னூட்டம் கொண்ட கால்சியம் ஒட்டினால் தகடுகள் நெருங்கிச் சிறு பொருக்குகளாகத் திரள்கின்றன. அப்பொருக்குகளுக்கு இடையேயுள்ள புழைகளில் நீரும் காற்றும் வேரும் செல்ல முடிகிறது. ஒற்றை மின்னூட்டமும் தடித்த நீருறையும் கொண்ட சோடியம் ஒட்டினாலோ தகடுகள் ஒன்றையொன்று விலக்கிக்கொண்டு நீரில் கலைந்து, பின்னர் படியும்போது எல்லாப் புழைகளையும் அடைத்துவிடுகின்றன. பட்டறையில் இக்கலைதல் வேண்டுமென்றே உண்டாக்கப்படுவது. அச்சில் ஊற்றும் களிமண் குழம்பு அதிக நீர் சேராமலேயே ஓட வேண்டும் என்பதற்காக அதில் மிகச் சிறிதளவு சோடியம் சிலிகேட் சேர்க்கிறார்கள். கெட்டியாக நின்ற குழம்பு உடனே இளகி ஓடத் தொடங்குவது சோடியத்தின் செயலே. பட்டறைக்கு நன்மை தரும் அதே செயல்தான் களர் நிலத்தில் இயற்கையாக நடந்து பயிரைக் கெடுக்கிறது.

மாற்றும் அப்பட்டறையிலேயே இருக்கிறது. குழம்பை ஊற்றும் அச்சு பிளாஸ்டர் ஆஃப் பாரிஸால் ஆனது. கால்சியமும் கந்தகமும் அடங்கிய ஜிப்சம் என்ற கனிமத்தை ஏறத்தாழ 150 பாகை செல்சியஸில் வறுத்து, அதிலுள்ள நீரில் முக்கால் பங்கைப் போக்கினால் அத்தூள் கிடைக்கிறது. நீர் சேர்த்தால் மீண்டும் ஜிப்சமாகவே இறுகுகிறது. அச்சின் நுண்துளைகள் குழம்பின் நீரை உறிஞ்சுகின்றன. அச்சிலிருந்து கரைந்து வரும் சிறிதளவு கால்சியம், கலைந்த களிமண்ணை அச்சோரத்தில் மீண்டும் திரளவும் செய்கிறது. விக்டோரியாவின் வடமேற்கிலுள்ள மல்லி வட்டாரத்து வறண்ட ஏரிகளில் தோண்டிய ஜிப்சத்தைப் பெண்டிகோத் தோட்டக்காரர் தம் மண்ணில் தூவும்போது நிகழ்வதும் இதுவே.

விருத்தாசலம் வட்டாரத்து மல்லாட்டை உழவருக்கு ஜிப்சம் புதிய பொருளன்று. ஊரிலுள்ள வேளாண் பல்கலைக்கழக மண்டல ஆராய்ச்சி நிலையம் வி.ஆர்.ஐ. என்ற பெயரில் மல்லாட்டை இரகங்களை வெளியிட்டுவருகிறது. பெரம்பலூர் மாவட்டம் காரையின் பழங்கடற் களிமண் படிவுகளிலோ ஜிப்சம் நரம்புகளாக ஓடிக் கிடக்கிறது. மல்லாட்டை விதைத்த 40 முதல் 45 நாளில் மண் அணைக்கும்போது எக்டேருக்கு 400 கிலோ ஜிப்சம் இடுவது பரிந்துரை. மண்ணில் இறங்கும் விழுதுகள் தமக்கு வேண்டிய கால்சியத்தை நேரடியாக மண்ணிலிருந்தே எடுத்துக்கொள்வதால், அது குறைந்தால் காய் பொக்காகிவிடும். இங்கு ஒரு வேறுபாட்டைக் கவனமாகக் கொள்ள வேண்டும். எக்டேருக்கு 400 கிலோ என்பது சதுர மீட்டருக்கு 40 கிராம். அது பயிருக்கான உணவு. ஆஸ்திரேலியத் தோட்டங்களில் களரைத் திருத்தச் சதுர மீட்டருக்கு அரை கிலோ முதல் 1 கிலோ வரை இடுவது வழக்கம். அது மண்ணுக்கான மருந்து. ஊரில் பழகிய அளவையே கொண்டு பெண்டிகோவின் மண்ணில் தூவி, பயனில்லை என்று கைவிடுவது நியாயமாகாது. அன்றியும், கால்சியம் இடம்பெயர்த்த சோடியத்தை மழைநீர் கீழே கழுவிச் சென்றால்தான் மருத்துவம் முழுமையடையும். வடிகால் இல்லாத குழியில் எவ்வளவு ஜிப்சம் கொட்டினாலும் வீணே. ஆண்டுக்கு 500 மில்லிமீட்டரை ஒட்டிய மழையே பெறும் பெண்டிகோவில் இப்பணி ஒரு குளிர்காலத்தில் முடிவதன்று.

எல்லாக் களிமண்ணும் களர் அன்று என்பதால் இடுவதற்கு முன் சோதிப்பது அவசியம். மண்ணியலார் டபிள்யூ. டபிள்யூ. எமர்சன் 1967இல் வெளியிட்ட சோதனைக்கு ஒரு கண்ணாடிக் கிண்ணமும் மழைநீரும் போதும்: உலர்ந்த மண்கட்டியை அதில் அசைக்காமல் இட்டால், அது வெறுமனே உதிர்ந்து கிடப்பது ஒரு நிலை, கட்டியைச் சுற்றிப் பால்போன்ற கலங்கல் பரவுவது மற்றொரு நிலை. கலங்கல் தோன்றும் மண்ணுக்கே ஜிப்சம் உதவும். வெறுமனே உதிரும் மண்ணுக்கு வேண்டியது மக்கு. மண்ணில் களியின் அளவை அறிய, ஈரமண்ணைப் பிசைந்து கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் இடையே நாடாவாக நசுக்குகிறார்கள். நாடா 75 மில்லிமீட்டருக்கு மேல் முறியாமல் நீண்டால் அது கனத்த களிமண். சக்கரத்திலோ அச்சிலோ பழகிய கைக்கு இதை யாரும் கற்பிக்க வேண்டியதில்லை. இத்தகைய கையறிவு குடியேற்ற விண்ணப்பத்தின் எந்தப் பத்தியிலும் பதிவாகாமல் போவது வருந்தத்தக்கது.

களிமண்ணில் மணலைக் கலந்தால் இளகும் என்ற நம்பிக்கை இரு நாட்டிலும் உண்டு. சிறிதளவு மணலைக் கலந்தால் மணலுக்கு இடையேயுள்ள வெளிகளைக் களி நிரப்பி, மண் முன்னைவிட இறுகிவிடும். பயன்பட வேண்டுமானால் பாதிக்கு மேல் மணலாக இருக்க வேண்டும், அத்தனை மணலைக் காட்டுவழியில் ஏற்றிவருவது வீண்செலவு. ஈரமாக இருக்கும்போது மண்வெட்டி இறக்குவதும் தீங்கே. நிலைத்த பயன் தருவது பசுந்தாள் உரம்: களர் நிலத்தில் தக்கைப்பூண்டை விதைத்துப் பூக்கும் தருணத்தில் மடக்கி உழும் தமிழ்நாட்டு முறை, பெண்டிகோவில் இலையுதிர்காலத்து முதல் மழையோடு அகலவரையையும் ஓட்ஸையும் விதைத்து வசந்தத்தில் மண்ணில் மடக்கும் முறையாகிறது. தக்கைப்பூண்டு வெப்பத்தின் பயிர், இவை குளிரின் பயிர்கள். வேர் துளைத்துச் சென்ற வழியில் நீரைப் பின்தொடரச் செய்யும் தத்துவம் ஒன்றே. உறைபனி விழும் ஊராதலால் முருங்கையும் கறிவேப்பிலையும் தொட்டியில் வளர்ந்து குளிர்காலத்தில் உள்ளே வர வேண்டியவை. கீரையும் வெந்தயமும் கொத்தமல்லியும் திருத்திய பாத்தியிலேயே செழிக்கும்.

காடு தன் பங்குக்கு வரம்புகளை விதிக்கிறது. பாதுகாக்கப்பட்ட காட்டில் சருகை அள்ளக் கூடாது. சொந்த நிலத்துச் சருகையும் வீட்டை ஒட்டிக் குவிக்கலாகாது, ஏனெனில் காட்டுத்தீப் பருவத்தில் வீட்டைச் சுற்றி 10 மீட்டர் வரையேனும் எரிபொருளாகும் சருகை அகற்றிவைக்க வேண்டும் என்பது விக்டோரியத் தீயணைப்புத் துறையின் அறிவுரை. கோழியெருவின் பாஸ்பரஸ் காய்கறிக்கு நன்மை செய்யும். ஆனால் வறிய மண்ணில் அந்தச் சத்தை விடாமல் உறிஞ்சப் பழகிய பேங்க்சியா, கிரெவில்லியா போன்ற நாட்டுச் செடிகளுக்கு அது மிகுந்தால் நஞ்சாகிறது. இந்நிலம் மனிதக் கை படாத காடும் அன்று. இந்நிலத்தின் தொல்குடியினரான ஜா ஜா வுருங் மக்களின் பெண்கள் முர்னாங் என்ற கிழங்கைத் தோண்டித் தோண்டி மேல்மண்ணைப் பொலபொலவென வைத்திருந்தனர். 1830களிலும் 1840களிலும் வந்த ஐரோப்பியரின் ஆட்டுமந்தைகள் கிழங்கை மேய்ந்து, குளம்பால் மண்ணை இறுக்கிவிட்டன. ஆகவே எருவிட்ட பாத்தியைக் காட்டை நோக்கிய சரிவில் அமைக்காமல், அதன் மழைநீர் வீட்டுப் பக்கத்துப் பழமரங்களுக்கே வடியுமாறு வரப்பெடுத்து, காட்டோரத்து எல்லைப் பட்டையை ஜிப்சமும் எருவும் இடாமல் முர்னாங்குக்கும் அவ்வூர்ப் புல்லுக்கும் விட்டுவைப்பது தகும்.