பாட்டு சார்

இளையராஜா தன் குரு தன்ராஜ் மாஸ்டரைப் பத்திப் பேசும்போதெல்லாம் எனக்கு நெடுங்காட்டுப் பாட்டு சார் ஞாபகம் வந்துரும்.

எனக்குக் குரல் சுமார்தான். "பாட வராட்டி பரவால்ல, கேக்கக் கத்துக்கடா"ன்னு தொடையில தாளம் போட வெச்சே ஆறு வருஷம் ஓட்டினார்.

ஹவுஸ் சர்ஜனா இருந்தப்ப ஒரு நைட் டூட்டி. மூச்சுத்திணறலோட ஒரு அம்மா. ஸ்டெத் வெச்சா, லப்-டப்போட நிக்கல; மூணாவதா ஒரு மெல்லிய சத்தம் சேர்ந்து தகிட, தகிடன்னு ஓடுது. இதயம் தளர்ந்துபோய் வேகமா அடிக்கும்போது கேட்கிற நடை அது. உடனே சீனியரைக் கூப்பிட்டேன்.

(1816இல் ஸ்டெதாஸ்கோப்பைக் கண்டுபிடிச்ச லென்னெக் புல்லாங்குழல் வாசிப்பவர். சும்மாவா!)

போன மாசம் சாரைப் பாத்து இதைச் சொன்னேன். "அந்தம்மா பொழச்சாங்களா?"ன்னு மட்டும் கேட்டார்.

பொழச்சாங்க சார்.