இழுத்துப் போடும் கை

கணினியில் ஒரு கோப்பை ஓரிடத்திலிருந்து இன்னோர் இடத்துக்கு மாற்றுவது எப்படி இருக்க வேண்டும் என்பதை வடிவமைப்பதுதான் என் வேலை. அலுவலகங்கள் பயன்படுத்தும் ஒரு கோப்பு மேலாண்மை மென்பொருளில் ஏழு வருடங்களாக இதைச் செய்கிறேன். சொன்னால் சிரிப்பார்கள். “அதுல வடிவமைக்க என்னம்மா இருக்கு? புடிச்சு இழுத்துப் போட வேண்டியதுதானே” என்று என் மாமனாரே கேட்டிருக்கிறார்.

இழுத்துப் போடுவது ஒரே செயல்போலத் தெரியும். பிரித்துப் பார்த்தால் ஐந்தாறு செயல்கள். சரியான கோப்பின் மேல் கர்சரை வைக்க வேண்டும். மவுஸின் இடது பொத்தானை அழுத்தி, அழுத்தியதை விடாமல் நகர்த்த வேண்டும். சில பிக்சல் நகர்ந்த பிறகுதான் இது சொடுக்கு அல்ல, இழுப்பு என்று மென்பொருள் முடிவுசெய்யும். எந்த ஃபோல்டரின் மேல் நிற்கிறோமோ அது நிறம் மாறிக் காட்ட வேண்டும். போய்ச் சேர வேண்டிய ஃபோல்டர் பட்டியலின் அடியில் இருந்தால், விளிம்பில் நிற்கும்போது பட்டியல் தானாக உருள வேண்டும். இவ்வளவு நேரமும் விரல் அழுத்தியபடியே இருக்கிறது. விரல் நழுவினால் கோப்பு எதற்குள் விழுந்தது என்று தேட வேண்டும்.

ஆக, இந்தச் செயலுக்குள் ஒரு கை கற்பனை செய்யப்பட்டிருக்கிறது. நடுங்காத கை. நல்ல மவுஸ் வாய்த்த கை. முக்கியமாக, நடுவில் யாரும் கூப்பிடாத கை.

அப்படியில்லாத கையை நான் சிதம்பரத்தில் பார்த்தேன். 1929-ல் தொடங்கப்பட்ட அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தை நம்பி அந்த ஊரில் டைப்பிங், ஜெராக்ஸ், பைண்டிங் கடைகள் வாழ்கின்றன. படிக்கும் காலத்தில் அப்படி ஒரு கடையில் மாலை நேரங்களில் வேலை பார்த்தேன். அங்கிருந்த அக்காதான் ஆய்வேடுகளைத் தட்டச்சு செய்பவர். மடியில் ஒரு வயதுப் பிள்ளை. மவுஸின் இடது பொத்தான் பாதி நேரம் வேலை செய்யாது. ஒரு ஆய்வேட்டுக்கு இருபது முப்பது கோப்புகள், இயல் வாரியாக, திருத்தம் வாரியாக. அக்கா ஒன்றைக்கூட இழுத்துப் போட்டு நான் பார்த்ததில்லை. கன்ட்ரோல் எக்ஸ், கன்ட்ரோல் வி, அவ்வளவுதான். இரண்டுக்கும் நடுவில் பிள்ளைக்குத் தண்ணீர் கொடுப்பார், வாடிக்கையாளருக்கு ஜெராக்ஸ் எடுத்துத் தருவார், பிறகு வந்து ஒட்டுவார்.

“ஏன்க்கா, இழுத்துப் போட்டா சீக்கிரம் முடியுமே?”

“வெட்டி வச்சுட்டா அது காத்துக்கிட்டு இருக்கும் பாப்பா. இழுத்துக்கிட்டுப் போனா நாமதான் அதுக்குக் காத்துக்கிட்டு இருக்கணும்.”

எந்த வடிவமைப்பு வகுப்பிலும் இதைவிடத் தெளிவாக யாரும் எனக்குச் சொன்னதில்லை. வெட்டிய கோப்பு, ஒட்டும்வரை பழைய இடத்திலேயே இருக்கிறது. மறந்துபோனாலும் தொலையாது. குறுக்கீடு வரும் என்று தெரிந்தவருக்கு ஏற்ற ஏற்பாடு அது.

இழுப்பதுதான் மனிதருக்கு இயல்பானது என்பார்கள். வரலாறு அப்படிச் சொல்லவில்லை. 1981-ல் வந்த ஜெராக்ஸ் ஸ்டார் கணினியில், மாற்று, நகலெடு, நீக்கு ஆகியவற்றுக்கு விசைப்பலகையிலேயே தனித்தனி விசைகள் இருந்தன. கோப்பைத் தேர்ந்தெடுத்து, மாற்று விசையை அழுத்தி, போக வேண்டிய இடத்தைச் சுட்டினால் போதும். ஆப்பிளின் லிசா 1983-லும் மெக்கின்டாஷ் 1984-லும் வந்தபோது மவுஸில் ஒரே பொத்தான், கோப்பைப் பிடித்து இழுப்பது வழக்கமானது. மெக்கின்டாஷின் சின்னங்களை வரைந்தவர் சூசன் கேர் என்ற பெண். இழுப்பது ஒரு தேர்வு. தேர்ந்தெடுத்த ஒன்று நாளடைவில் இயற்கையாகிவிடுவதைப் பெண்களுக்கு விளக்க வேண்டியதில்லை.

திருமணத்துக்குப் பிறகு கடலூருக்கு வந்தேன். வீட்டிலிருந்தே வேலை. ஒரு நாள் காணொலிக் கூட்டத்தில், வலது சொடுக்குப் பட்டியலில் உள்ள ‘வேறிடத்துக்கு மாற்று’ என்ற வரியை எடுத்துவிடலாம் என்றார்கள். இழுப்பு இருக்கும்போது அது தேவையற்ற நெரிசலாம். பயனர்களைக் கவனித்து நான் தொகுத்திருந்த குறிப்புகளைக் காட்டினேன். “இது அம்மாக்களுக்கான வசதி” என்று ஒருவர் சொல்ல, மற்றவர்கள் சிரித்தார்கள். நான் வேறு ஒன்றை எடுத்து வைத்தேன். இணைய அணுகல்தன்மைக்கான வழிகாட்டு நெறிகளின் 2.2 பதிப்பு 2023 அக்டோபரில் வெளியானது. அதன் 2.5.7 விதிப்படி, இழுத்துச் செய்யும் வேலையை இழுக்காமல் வெறும் சொடுக்குகளாலும் செய்ய வழி இருக்க வேண்டும். சிரிப்பு நின்றது, வரி தப்பியது. அக்காவின் அனுபவமாகச் சொன்னபோது இரக்கமாகத் தெரிந்தது, விதி எண்ணோடு சொன்னபோது பொறியியலாகிவிட்டது. அந்த விதிக்குப் பின்னாலும் அக்காவைப் போன்ற கைகள்தான் இருக்கின்றன.

இந்த வேலையில் இன்னொரு சிக்கலும் உண்டு. இழுத்துப் போட்டால் கோப்பு இடம் மாறுகிறதா, நகலாகிறதா? விண்டோஸில் ஒரே டிரைவுக்குள் இழுத்தால் மாறும், வேறு டிரைவுக்கு இழுத்தால் நகலாகும். லினக்ஸின் டால்ஃபின், போட்ட இடத்தில் ஒரு சிறு பட்டியலைத் திறந்து நம்மிடம் கேட்கும். ஒரே வட்டுக்குள் மாற்றும்போது பெரும்பாலும் கோப்பின் உள்ளடக்கம் நகர்வதேயில்லை, முகவரிப் பதிவு மட்டும் மாறுகிறது. வேறு வட்டுக்கு மாற்றினால் முதலில் நகலெடுக்க வேண்டும், முழுவதும் போய்ச் சேர்ந்த பிறகே பழையதை அழிக்க வேண்டும். நடுவில் மின்சாரம் போனாலும் மூலம் பிழைத்திருக்க வேண்டும் என்பது இத்துறையின் பாலபாடம்.

சிதம்பரத்திலிருந்து கடலூருக்கு ஒரே மாவட்டத்துக்குள்தான் மாறினேன். ரேஷன் அட்டையில் முதலில் பிறந்த வீட்டிலிருந்து என் பெயரை நீக்க வேண்டும், நீக்கியதற்குச் சான்று வாங்க வேண்டும், அதைக் காட்டித்தான் கணவர் வீட்டு அட்டையில் சேர்க்க வேண்டும். நீக்கியதற்கும் சேர்த்ததற்கும் நடுவில் நான்கு மாதங்கள் நான் எந்த அட்டையிலும் இல்லை. கணவர் பிறந்த அட்டையிலேயே இருந்தார். ஒரு பத்துப் பக்கக் கோப்புக்கு நாங்கள் தரும் பாதுகாப்பு, வீடு மாறும் பெண்ணுக்கு இல்லை. முதலில் அழித்துவிட்டுத்தான் அவளை நகர்த்துகிறார்கள்.

இப்போது ஒரு புதிய வசதிக்கு வரைந்துகொண்டிருக்கிறேன். திரையின் ஓரத்தில் ஒரு சிறிய தட்டு. இழுத்து வந்த கோப்பைப் பாதி வழியில் அதில் வைத்துவிட்டு விரலை எடுத்துவிடலாம். போய் அடுப்பை அணைத்துவிட்டு, அழைப்பு மணிக்குக் கதவைத் திறந்துவிட்டு வந்து, மீதி வழியைத் தொடரலாம். அதுவரை கோப்பு பழைய இடத்திலேயே பத்திரமாக இருக்கும். அடுத்த கூட்டத்தில் இதை யாருக்கான வசதி என்று கேட்பார்கள். அக்காவின் அந்த ஒரு வரியை முதல் பக்கத்திலேயே தட்டச்சு செய்து வைத்திருக்கிறேன்.