வேரும் நீரும்

வாடிய செடியைக் கண்டவர் நீர் வார்க்க நினைப்பது இயல்பு. ஆனால், வேர் முழுவதும் நீரிலே தொங்கிக்கொண்டிருக்க, மேலே செடி நண்பகலில் துவண்டு தலைசாய்க்குமாயின் அதனை வளர்ப்பவர் என்செய்வார்? வெயில் தணிந்ததும் அச்செடி நிமிர்கின்றது, வளர்ப்பவரும் ஆறுதலடைகின்றார். மறுநாள் நண்பகலில் மீண்டும் துவள்கின்றது. சில நாள்கள் இவ்வாறு கழிந்தபின் ஒரு மாலையில் அது நிமிர்வதில்லை. மிதவையைத் தூக்கிப் பார்த்தால், வெண்மையாய் அடர்ந்து தொங்கவேண்டிய வேர் பழுப்பேறிக் குழைந்து கிடக்கும். மீனையும் பயிரையும் ஒரே நீரில் இணைத்து வளர்ப்போர் பெரிதும் அஞ்சும் வேரழுகலின் போக்கு இதுவாகும்.

அக்குவாபோனிக்ஸ் என வழங்கும் இவ்விணைவளர்ப்பின் தத்துவம் எளிது. தொட்டியில் மீன் வளர்கின்றது. மீன் கழிக்கும் அமோனியாவை ஒருவகைப் பற்றீரியாக்கள் நைத்திரைற்றாகவும், பிறிதொருவகைப் பற்றீரியாக்கள் அதனை நைத்திரேற்றாகவும் மாற்றுகின்றன. நைத்திரேற்றை உறிஞ்சிப் பயிர் வளர, தூய்மையுற்ற நீர் மீண்டும் மீனிடம் செல்கின்றது. மெக்சிக்கோவின் பழைய சினாம்பாத் தோட்டங்களே இதன் மூதாதை என எழுதுவாருமுளர். அது சற்றே வலிந்து கொண்டாடும் உறவு. இன்றைய வடிவத்தின் முன்னோடிகளுள் ஒன்று, கரீபியன் கடலிலுள்ள சென்ற் குறோய்த் தீவில், வேர்ஜின் தீவுகள் பல்கலைக்கழகத்தில் யேம்ஸ் றக்கோசியும் அவர்தம் குழுவினரும் 1980 முதல் படிப்படியாக உருவாக்கிய தொகுதியாகும். திலாப்பியா மீனை ஒருபுறமும், 214 சதுர மீற்றர் பரப்பில் மிதவைகளிற் பயிரை மறுபுறமும் வளர்த்த அத்தொகுதியில், நம்மவர் திருநீற்றுப்பச்சை என அழைக்கும் துளசியினத்துச் செடியையும் வைத்துப் பரிசோதித்தனர். 2004 இல் அவர்கள் வெளியிட்ட முடிவின்படி, அருகிலுள்ள வயலில் விளைந்ததைப்போல ஏறத்தாழ மூன்று மடங்கு மிதவையில் விளைந்தது. இணைவளர்ப்பின் புகழ் பாடுவோர் இம்மூன்று மடங்கை மறவாது சொல்வர். அழுகிய வேரைப்பற்றி அவர்கள் அவ்வளவாகப் பேசுவதில்லை.

இந்நோயைப் பங்கசு நோய் என்றே வளர்ப்போர் கூறுவர். இழையிழையாய்ப் பரந்து, வித்திகளாற் பெருகும் பித்தியம் என்னும் உயிரி இதற்குக் காரணமாதலின் அவ்வாறு கருதியதில் வியப்பில்லை. ஆயினும் பித்தியம் பங்கசு அன்று. உண்மைப் பங்கசுவின் கலச்சுவரில் கைற்றின் சிறப்பாக அமைந்திருக்க, பித்தியத்தின் கலச்சுவரில் செலுலோசு காணப்படுகின்றது. பரம்பரை உறவில் அது காளானைவிடக் கடலிலுள்ள பழுப்பு அல்காக்களுக்கே அண்மையது. நீர்ப்பூசணங்கள் எனும் கூட்டத்தைச் சேர்ந்தது. இம்மயக்கத்துக்கு நீண்ட வரலாறு உண்டு. 1845 இல் அயர்லாந்தின் உருளைக்கிழங்கை அழித்த நோய்க்கு ஒரு பங்கசே காரணம் என, மைல்ஸ் யோசேப்பு பேர்க்கிளி என்ற ஆங்கிலேயத் திருச்சபைக் குரு 1846 இல் வாதிட்டார். அதே பேர்க்கிளி, பேராதனைப் பூங்காவின் பணிப்பாளராயிருந்த துவெயிற்ஸ் அனுப்பிய கோப்பி இலைகளைக்கொண்டு, இலங்கையின் கோப்பித் தோட்டங்களை அழிக்கவிருந்த துருநோய்க்கு 1869 இல் புரூம் என்பாருடன் இணைந்து பெயரிட்டார். இவ்விரண்டனுள் கோப்பித் துரு உண்மைப் பங்கசு; உருளைக்கிழங்கின் பகையோ பித்தியத்தின் உறவு.

இது வெறும் பெயர்ச் சிக்கலன்று. பங்கசுகொல்லிகள் பல, பங்கசுவின் மென்சவ்வுக்கு வேண்டிய எர்கோஸ்திரோலை அது ஆக்கவொட்டாது தடுத்தே அதனைக் கொல்கின்றன. பித்தியம் அப்பொருளைத் தானே ஆக்குவதில்லை. ஆக்காத ஒன்றைத் தடுத்துப் பயனென்ன? கடையில் பங்கசுகொல்லி என்ற பெயரைக் கண்டு வாங்குபவர் இவ்விடத்திலேயே ஏமாறத் தொடங்குகின்றார்.

ஏற்ற மருந்து கிடைத்தாலும் இடர் தீர்வதில்லை. நீர்ப்பூசணங்களைக் கொல்லவல்ல மெற்றலக்சில் 1970களின் பிற்பகுதி முதல் வயல்களிற் பயன்பட்டு வந்துள்ளது. வயலில் தெளித்த மருந்து மண்ணில் தங்கும். இங்கோ வேரில் இட்டது சில மணி நேரத்தில் மீனின் பூவைச் சேரும், மீன் உணவாகும், இலையும் உணவாகும். செப்புச் சல்பேற்று மீனுக்கு நஞ்சு. ஐதரசன் பேரொட்சைட்டு சற்று மிகினும் மீனின் பூவைப் பொசுக்குவதோடு, அமோனியாவை மாற்றும் பற்றீரியாக்களையும் அழித்துவிடும். பற்றீரியா அழிந்தால் அமோனியா தேங்கும். அமோனியா தேங்கினால் மீன் மாளும். எதிர்ப்புறமும் இதே கதைதான். மீனின் தோலில் பஞ்சுபோற் படரும் சப்ரொலெக்னியாவும் ஒரு நீர்ப்பூசணமே. உப்புநீர் அதற்குக் கைகண்ட மருந்து. ஆனால் அவ்வுப்பைத் தொகுதியின் நீரில் கரைத்தால் பயிர் கருகும். ஆகவே நோயுற்ற மீனை வேறு தொட்டிக்கு மாற்றியே உப்பிட வேண்டும். வேரை அவ்வாறு வேறிடம் கொண்டுசெல்ல இயலாது.

பித்தியத்தின் வலிமை முழுவதும் அதன் இயங்குவித்தியில் உள்ளது. இரண்டு சவுக்குமுளைகளால் நீரில் நீந்தும் இவ்வித்தி, வேர் கசியவிடும் பொருள்களை நாடி வந்து, வேரிற் பற்றி, முளைத்து உள்ளே நுழைகின்றது. மண்ணில் ஈரமுள்ள சிறு தொலைவே அது நீந்தமுடியும். சுற்றியோடும் நீரிலோ அதற்கு எல்லை இல்லை. ஒரு மிதவையில் தோன்றிய அழுகல் மற்ற மிதவைகளிலும் தோன்றும். ஆயினும் வித்தி வந்தவுடன் எல்லா வேரும் வீழ்ந்துவிடுவதில்லை. மூச்சுத்திணறிய வேரே எளிதில் வீழ்கின்றது. 20 பாகை செல்சியசில் ஓர் இலீற்றர் நன்னீர் ஏறத்தாழ 9.1 மில்லிகிராம் ஒட்சிசனைக் கரைத்து வைத்திருக்கும். 30 பாகையிலோ 7.6 மில்லிகிராம் மட்டுமே. அதே வெப்பத்தில் வேரும், மீனும், பற்றீரியாவும் கூடுதலாக மூச்சு வாங்குகின்றன. வெப்பநாடுகளிற் பரவியுள்ள பித்தியம் அபனிடேர்மேற்றம் என்ற இனம் செழிப்பதும் இச்சூட்டிலேதான்.

இங்குத் திலாப்பியா ஒரு தீங்கைச் செய்கின்றது. ஒட்சிசன் குறைந்த நீரிலும் தாக்குப்பிடிக்கும் மீன் அது. வளர்ப்போர் அதனை விரும்புவதற்கு அதுவும் ஒரு காரணம். மென்மையான வேறு மீனாயின் மேற்பரப்புக்கு வந்து வாய் திறந்து எச்சரித்திருக்கும். திலாப்பியாவோ வேர் திணறிக்கொண்டிருக்கையில் வழமைபோல் நீந்தி, வழமைபோல் தீனியும் தின்னும். மீன் நலமாயிருக்கின்றதே என்று தேறியிருப்பவருக்கு வேரின் நிலை தெரியாது. ஒட்சிசனை அளப்பதாயின், மீன்தொட்டியோடு நில்லாது, மிதவையின் கீழே, நீர் பயிர்த்தொட்டியை விட்டு நீங்கும் கடைசி மூலையிலும் அளத்தல் வேண்டும். சென்ற் குறோய்த் தொகுதியில் ஏறத்தாழ 30 மீற்றர் நீளமான ஒவ்வொரு பயிர்த்தொட்டியிலும் 1.2 மீற்றருக்கு ஒன்றாகக் காற்றுக்கற்கள் இட்டது வீண்செலவன்று.

நிறத்தைக்கொண்டு மட்டும் தீர்ப்புக் கூறுதலும் தவறு. மீனின் கழிவு படிந்த வேர் நோயில்லாமலே பழுப்பாகத் தோன்றும். அவ்வேரை நன்னீரில் அலசி விரல்களுக்கிடையே மெல்ல உருவிப் பார்த்தல் வேண்டும். அழுக்கு நீங்கி உறுதியான வெண்ணிறம் தெரிந்தால், பழுது கழிவுவடியில் உள்ளது. வேரின் புறத்தோல் உறைபோற் கழன்று, நடுவில் நூல்போன்ற நரம்பு மட்டும் கையில் எஞ்சினால் அது அழுகல். படிந்த கழிவும் பகைக்குத் துணையே. அது வேரைப் போர்த்தி ஒட்சிசனைத் தடுக்கின்றது, தான் சிதைவதற்கும் ஒட்சிசனை எடுத்துக்கொள்கின்றது. ஆகவே, வேரழுகலுக்குரிய சிகிச்சை பெரும்பாலும் வேரிடத்தில் அன்றி மீன்தொட்டிக்கும் பயிர்த்தொட்டிக்கும் இடையிலுள்ள வடியிலேயே தொடங்குகின்றது. தீனியைக் குறைத்தலும் அச்சிகிச்சையின் பகுதியாகும். மீனை விரைந்து பெருக்க விரும்புபவர்க்கு இது கசக்கும்.

இலையிலும் தண்டிலும் வரும் நோய்களை இங்கு விரிக்க வேண்டியதில்லை. ஒன்றை மட்டும் சொல்லலாம். திருநீற்றுப்பச்சையின் இலை மஞ்சளாகுமிடத்து, இரும்புச்சத்துக் குறைவென எண்ணி இரும்பு சேர்ப்பவர் முதலில் இலையின் அடிப்பக்கத்தைத் திருப்பிப் பார்த்தல் நன்று. அங்கே சாம்பல் ஊதா நிறத்தில் தூசிபோற் படிந்திருப்பின் அது அடிப்பூசணம். 1933 இல் உகண்டாவில் பதிவான இந்நோய், 2001 இல் சுவிற்சலாந்திலும் 2007 இல் புளோரிடாவிலும் தலைகாட்டிப் பின் உலகெங்கும் பரவியது. இதுவும் நீர்ப்பூசணமே, ஆனால் நீரால் அன்றிக் காற்றாலும் விதையாலும் பரவுவது.

நீரைக் கிருமியற்றதாக்கிவிட்டால் என்ன என்ற கேள்வி எழுவது இயற்கை. புறவூதா விளக்கு தன்னைக் கடந்துசெல்லும் இயங்குவித்தியைக் கொல்லும். வேரினுள்ளே குடிபுகுந்ததை அது தீண்டாது. நீரில் கழிவு கலங்கியிருப்பின் ஒளி ஊடுருவுவதுமில்லை. இதற்கு மாறாக, உயிர்கள் நிறைந்த நீரே காவல் என்பார் கூற்றும் வலுவற்றதன்று. இணைவளர்ப்புத் தொகுதியிலிருந்து பிரித்தெடுத்த பற்றீரியாக்களுட் சில, மீனின் பகையான சப்ரொலெக்னியாவையும் பயிரின் பகையான பித்தியத்தையும் ஒருங்கே தடுத்தமையை 2016 இல் வெளிவந்த ஆய்வொன்று காட்டியது. அது நிகழ்ந்தது ஆய்வுகூடத் தட்டில். தொட்டியில் அவ்வாறே நிகழுமெனத் துணிவது அவசரமாகும். எனினும், பகையோடு காவலையும் சேர்த்துக் கொன்றுவிட்டு வெறுநீரில் வேரை விடுவதிலும், நன்கு முதிர்ந்த நீரில் ஒட்சிசனை நிறைத்து வைப்பதே விவேகமாகத் தோன்றுகின்றது.

இவை யாவும் நோய் முற்றுமுன் செய்பவை. முற்றியபின் செய்யக்கூடியது பிடுங்குதலே. நோயுற்ற செடியோடு, நிமிர்ந்து நிற்கும் அயற்செடியையும் பிடுங்க வேண்டிவரும். வாசனை வீசும் அவ்விலையைப் பார்த்துக்கொண்டு பிடுங்குவது எவருக்கும் எளிதன்று. மிதவைகளைத் தொகுதிக்கு வெளியே கொண்டுசென்று கழுவி, குளோரீனில் நனைத்தால் மீண்டும் நன்கு அலசி, வெயிலிற் காயவிடுதல் வேண்டும். நாற்றுத்தட்டுகளையும் ஆராய்தல் வேண்டும். ஈரத்திற் பெருகும் சிறு கறுப்பு ஈக்கள் பித்தியத்தைக் காவுகின்றன.

பயிர் முழுவதையும் ஒரே நாளில் பிடுங்கியவரை மற்றொரு கணக்கு எதிர்கொள்ளும். மீன் தீனி கேட்கும். மிதவை முறையில் பயிர்ப்பரப்பின் ஒரு சதுர மீற்றருக்கு நாளொன்றுக்கு 60 முதல் 100 கிராம் தீனி என்பது சென்ற் குறோயில் வகுத்த அளவு. பயிரே இல்லாதபோது அந்த அளவுக்குப் பொருளில்லை. உண்ணும் பயிரின்றி நைத்திரேற்று நாளுக்குநாள் ஏறும். இதனைத் தவிர்க்கவே, அங்கே திருநீற்றுப்பச்சையை ஒருசேர நடும் முறையோடு, வெவ்வேறு பருவத்துச் செடிகளை அடுத்தடுத்து நடும் முறையையும் ஒப்பிட்டு, பின்னது நீரின் சத்தைச் சமநிலையில் வைப்பதைக் கண்டனர். ஆயின் அம்முறையில் தொட்டி ஒருபோதும் வெறுமையாவதில்லை. முதிர்ந்த செடியின் வேரிலுள்ள நோய் இளநாற்றுக்குக் காத்திருக்கும். நோய் கண்ட தொகுதியில் சிலர் இரண்டுக்கும் இடைவழி காண்கின்றனர். பயிர்த்தொட்டிகளை ஒவ்வொன்றாக நீரோட்டத்திலிருந்து பிரித்து, வடித்து, உலர்த்தி, மற்றவற்றிற் பயிரை விட்டுவைத்து, மீனின் தீனியை அதற்கேற்பக் குறைத்து, உலர்ந்த தொட்டியில் புது நாற்றை இட்டபின்னரே அடுத்ததைப் பிரிக்கின்றனர். எல்லாத் தொட்டிகளையும் இவ்வாறு சுற்றிவரப் பல வாரங்கள் செல்லும். அவ்வாரங்களில் சந்தைக்குச் செல்லும் கட்டுகள் குறைவு. மீனும் மெல்லவே பருக்கும்.