மெதுவாப் போற தோட்டாவுக்கு எந்த மருந்து?

தலைப்பைப் பார்த்துட்டு யாரும் பயந்துடாதீங்க மக்களே. இது முழுக்க முழுக்கச் சட்டத்துக்கு உட்பட்ட ஒரு பொழுதுபோக்கைப் பத்தின பதிவு :-)

டெக்சாஸ் பக்கம் வந்து சேர்ந்த நம்மாட்கள் வீட்டுக்குப் பின்னாடி வெண்டை, கத்தரி போடுவாங்க. இன்னும் சிலர் வாரக்கடைசியில் கிரிக்கெட். நான் கராஜில் ஒரு மேசையைப் போட்டு, ரைஃபிளுக்குத் தோட்டா அடைச்சுக்கிட்டு உட்கார்ந்திருக்கேன். சுட்ட தோட்டாவின் பித்தளைக் கூட்டை எடுத்து, சுத்தம் பண்ணி, புது பிரைமர் வச்சு, மருந்தை அளந்து கொட்டி, மேல குண்டைச் செருகினா மறுபடியும் ஒரு தோட்டா ரெடி. இங்கே இது சாதாரண விஷயம். கடையில் மருந்து டப்பா டப்பாவா அடுக்கி வச்சிருப்பாங்க. டப்பாவும் பெயரும் ஏகப்பட்டது. எதை எடுப்பதுங்கறதுதான் பிரச்சினை.

"மருந்து"ன்னதும் நமக்குச் சிவகாசிதான் ஞாபகம் வரும். வெடியுப்பு, கந்தகம், கரி. அது கறுப்பு மருந்து. ரைஃபிளில் போடறது வேற. 1884-ல் பிரான்ஸில் பால் வியேய் என்பவர் நைட்ரோசெல்லுலோஸை வச்சுப் புகையில்லாத மருந்தைக் கண்டுபிடிச்சார். 1886-ல் வந்த லெபல் ரைஃபிள்தான் அதைப் பயன்படுத்தின முதல் ராணுவத் துப்பாக்கி. பின்னாடியே 1889-ல் பிரிட்டிஷ்காரங்க கார்டைட்டைக் கொண்டுவந்தாங்க. மேட்டுப்பாளையத்திலிருந்து ஊட்டி மலை ரயிலில் போனவங்களுக்கு அருவங்காடு ஸ்டேஷன் தெரிஞ்சிருக்கும். அங்கே இருக்கிற கார்டைட் ஃபேக்டரிக்குப் பேர் வந்தது இந்தச் சமாச்சாரத்தால்தான். ஆக, நமக்கும் இதுக்கும் ரொம்ப தூரம் இல்லை.

சரி, விஷயத்துக்கு வரேன். எனக்கு வேண்டியது சத்தத்தின் வேகத்தைவிடக் குறைவா போற தோட்டா. சப்சானிக்னு சொல்வாங்க. காரணம், என் பொண்ணு. பதினாறு வயசு. இலக்குப் பலகையில் சுடறதில் ஆசை வந்திருக்கு. ஆனா "டமார்"னு சத்தம் வரப்போகுதுன்னு தெரிஞ்சதுமே கண்ணை மூடிக்கிறா. கண்ணை மூடினா குறி எங்கே போகும்?

ரைஃபிள் சத்தம் ஒண்ணு இல்லை, ரெண்டு. குழல் வாயிலிருந்து சீறி வர்ற வாயுவின் சத்தம் ஒண்ணு. அதைச் சப்ரஸர் குறைச்சுடும் (1934-ஆம் வருஷச் சட்டப்படி பதிவு பண்ணித்தான் வாங்கணும்). இன்னொண்ணு, குண்டு ஒலியை முந்திக்கிட்டுப் போறப்போ வானத்தில் சாட்டையடி மாதிரி கேட்கிற "பட்" சத்தம். அதை எந்தச் சப்ரஸராலும் ஒண்ணும் பண்ண முடியாது. குண்டையே மெதுவா அனுப்பினாத்தான் உண்டு.

ஒலியின் வேகம் 15 டிகிரி செல்சியஸில் விநாடிக்கு சுமார் 340 மீட்டர், இங்கத்திய கணக்கில் 1116 அடி. ஒரு டிகிரி ஏறினா 0.6 மீட்டர் ஏறும். உறைநிலையில் 331, டெக்சாஸ் வெயிலில் 35 டிகிரின்னா 352. அதனால் ஆகஸ்டில் அமைதியா போற தோட்டா ஜனவரி காலையில் "பட்"னு சொல்லிடலாம். விநாடிக்கு 1050 அடிக்குள்ள வச்சுக்கிட்டா எல்லாக் காலத்துக்கும் கொஞ்சம் இடைவெளி இருக்கும்.

வேகம் குறைஞ்சா சக்தியும் குறையும். அதை ஈடுகட்ட குண்டைக் கனமாக்குவாங்க. நான் பயன்படுத்தறது .300 பிளாக்அவுட். 2011-ல் முறைப்படி அங்கீகாரம் கிடைச்ச தோட்டா. அதில் 220 கிரெயின், அதாவது 14 கிராமுக்குக் கொஞ்சம் மேலே இருக்கிற குண்டைப் போடலாம். நீளமான குண்டு நேரா போகணும்னா குழலுக்குள்ள இருக்கிற புரி நெருக்கமா இருக்கணும். இந்த ரகத்தில் பொதுவா 8 அங்குலத்துக்கோ 7 அங்குலத்துக்கோ ஒரு சுற்று. புரி போதலைன்னா குண்டு தள்ளாடி, சப்ரஸரையே இடிச்சு உடைச்சுடும்.

இனிமேதான் மருந்து. மெதுவா போகணும்னா மருந்தைக் குறைச்சாப் போச்சுன்னு தோணும். அங்கேதான் வில்லங்கம்.

இந்த மருந்து எரியற வேகம் அழுத்தத்தைப் பொறுத்தது. அழுத்தம் ஏற ஏற வேகமா எரியும். அடுப்பில் ஈர விறகை நாலு சுள்ளியா போட்டா எப்படி புகைஞ்சுக்கிட்டே கிடக்குமோ, அதுமாதிரி மெதுவா எரியற ரைஃபிள் மருந்தைக் கொஞ்சூண்டு போட்டா அழுத்தமே எழும்பாது. பாதி எரிஞ்சும் எரியாமலும் குழலெல்லாம் துகள். இன்னொரு கூத்தும் உண்டு. சுடும்போது பித்தளைக் கூடு விரிஞ்சு அறைச் சுவரோடு ஒட்டி, வாயுவை அடைச்சுக்கணும். அழுத்தம் போதலைன்னா அது சரியா விரியாது. கரி பின்பக்கமா வழிஞ்சு, கூட்டின் கழுத்தெல்லாம் கருப்பாயிடும். அழுக்குக்குக் காரணம் மருந்து மட்டமா இருக்கிறது இல்லை, வேலைக்கும் மருந்துக்கும் பொருத்தம் இல்லாததுதான்.

அடுத்தது காலி இடம். பெரிய கூட்டில் கொஞ்சம் மருந்து போட்டா அது படுத்துக்கும். குழலைக் கீழே சாய்ச்சா குண்டுப் பக்கம் ஓடும், மேலே தூக்கினா பிரைமர் பக்கம் வரும். அதுக்கேத்தபடி தீப்பிடிக்கிறதும் மாறும், வேகமும் மாறும். .308 மாதிரி பெரிய கூட்டில் சப்சானிக் அடைக்கிறவங்க படற பாடு இதுதான். பிளாக்அவுட் கூடு சின்னது, நீளக் குண்டு வேற உள்ளே பாதி இடத்தைப் பிடிச்சுக்கும். அதனால் இந்தத் தொல்லை கம்மி. ஆனாலும் நான் சோதிச்சுப் பார்க்காமல் விடறதில்லை. அஞ்சு தோட்டா குழலை மேலே தூக்கி இறக்கிட்டு, அஞ்சு கீழே சாய்ச்சு எடுத்துட்டு, வேகமானியில் எண்களைப் பார்ப்பேன். ரெண்டு கூட்டமும் கிட்டக்கிட்ட வந்தாத்தான் அந்த மருந்துக்கு பாஸ் மார்க்.

சரி, வேகமா எரியற பிஸ்டல் மருந்தைப் போட்டா? அருமையா எரியும். கூடு பளபளன்னு வரும். ஆனா அதில் அளவு துளியூண்டு. தவறி ரெண்டு தடவை கொட்டினாலும் கூட்டுக்குள்ள அடங்கிடும், வெளியே தெரியாது. இரட்டை மருந்தோடு சுட்டா துப்பாக்கி சுக்குநூறு. அதைக் கன்னத்தில் ஒட்டி வச்சிருக்கறது யார்?

வழக்கத்தைவிடக் குறைச்சுப் போடவே கூடாத மருந்தும் இருக்கு. எச்110 பிளாக்அவுட்டின் வேகமான தோட்டாக்களுக்குப் பேர் போனது. ஆனா அளவைக் குறைக்காதேன்னு தயாரிப்பாளரே எச்சரிக்கிறார். குறைச்சா ஒழுங்கா பத்தாது, குண்டு குழல் நடுவிலேயே நின்னுடலாம். அது தெரியாமல் அடுத்ததைச் சுட்டா குழல் வெடிக்கும். செப்பு உறை போட்ட கனமான குண்டுக்கு உராய்வு அதிகம். அதனால் சப்சானிக்கில் இந்தப் பயம் எப்பவும் உண்டு. ஒரு காலத்தில் டிரெயில் பாஸ்னு வளையம் வளையமா ஒரு மருந்து வந்தது. கொஞ்ச எடையே கூட்டை நிறைச்சுடும், ரெண்டு தடவை கொட்டினா வழிஞ்சு காட்டிக்கொடுத்துடும். இப்போ கடைகளில் அதைக் கண்ணால் பார்க்கவே முடியறதில்லை.

கடைசியில் என் மேசையில் ரெண்டு டப்பா நின்னுச்சு. ஒண்ணு வேகமான பிஸ்டல் மருந்து. இன்னொண்ணு அக்யூரேட் 1680. ரெண்டுக்கும் புத்தகத்தில் அச்சிட்ட அளவுக்குள்ளேயேதான் சோதிச்சேன். (அளவு இங்கே எழுத மாட்டேன். யாரும் இணையத்தில் படிச்ச எண்ணை நம்பி மருந்து கொட்டாதீங்க, தயாரிப்பாளர் புத்தகத்தைப் பாருங்க.) தானா அடுத்த தோட்டாவை ஏத்திக்கிற துப்பாக்கியா இருந்தா யோசிக்கவே வேண்டாம். அதோட இயந்திரத்தைத் தள்ள வாயு வேணும், அதுக்கு 1680 மாதிரி கொஞ்சம் நிதானமா எரியறது சரிப்படும். என்னோடது கையால் போல்ட்டை இழுக்கிற ரகம். அதுக்கு எது வேணா ஓடும். சுத்தம், ஒரே சீரான வேகம் ரெண்டிலும் பிஸ்டல் மருந்துதான் ஜெயிச்சது. 1680 கரி அப்பிக்கிட்டு வந்தது.

"அப்பா, அதான் க்ளீனா இருக்கில்ல, அதையே போடலாமே"ன்னா மகள்.

அவளைக் கூப்பிட்டு ரெண்டு கூட்டைக் காட்டினேன். ஒவ்வொண்ணிலும் வேணும்னே இரட்டை அளவு மருந்து (பார்க்கறதுக்கு மட்டும், அப்புறம் டப்பாவிலேயே திரும்பக் கொட்டியாச்சு). பிஸ்டல் மருந்துக் கூட்டை டார்ச் அடிச்சுப் பார்த்து, "ஒண்ணும் வித்தியாசமே தெரியலையே"ன்னா. 1680 கூட்டில் மருந்து கழுத்து வரைக்கும் ஏறி நின்னுச்சு. அதன் மேல குண்டைச் செருகவே இடம் இல்லை. கொஞ்ச நேரம் பேசாம இருந்தா. "அப்போ அழுக்கே பரவாயில்லைப்பா"ன்னா.

அவ்வளவுதான், 1680 முடிவாச்சு. பிஸ்டல் மருந்து மேசையை விட்டு அலமாரிக்குப் போயிடுச்சு. மேசையில் ஒரு நேரத்தில் ஒரு டப்பாதான் இருக்கணும்கிறது எங்க வீட்டுச் சட்டம். மருந்து கொட்டின அம்பது கூட்டையும் வரிசையா நிக்க வச்சு, குண்டு செருகறதுக்கு முன்னாடி ஒவ்வொண்ணையும் டார்ச் அடிச்சுப் பார்க்கற வேலை இப்போ அவளோடது. சுடறப்போ சத்தம் வித்தியாசமா கேட்டாலோ, பலகையில் ஓட்டை விழலைன்னாலோ உடனே நிறுத்தி, தோட்டாவை எல்லாம் எடுத்துட்டு, குழலுக்குள்ள வெளிச்சம் தெரியுதான்னு பார்க்கணும். சப்ரஸர் இருந்தாலும் காதுக்கு அடைப்பான் கட்டாயம்.

"ஏங்க, இவ்வளவு பயந்து பயந்து ஒரு விளையாட்டா?"ன்னு வீட்டம்மா கேட்டாங்க. நியாயமான கேள்வி. பயம் இருக்கிறதாலதான் ஒவ்வொரு கூட்டையும் ரெண்டு தடவை பார்க்கறோம்னு சொன்னேன். முழுசா ஒத்துக்கலை, ஆனா டார்ச்சுக்குப் புது பேட்டரி வாங்கிக் கொடுத்திருக்காங்க :-)

"சுத்தமா எரியற மருந்து எது?"ன்னு கேட்டுக்கிட்டு வர்ற நண்பர்களுக்கு நான் சொல்ற பதில் இதுதான். கரி படிஞ்சா அரை மணி நேரம் துடைச்சா போயிடும். அதனால் தப்பு நடந்தா உங்க கண்ணுக்குத் தெரியற மாதிரி கூட்டை நிறைக்கிற மருந்தா பாருங்க. அந்த வரிசையில் எது சுத்தமா எரியுதுன்னு அப்புறம் தேடிக்கலாம்.