பேரீச்சம்பழத்துக்குப் போடும் முன்

டிசம்பர் 5, 2024, வியாழன்

ஃபெஞ்சல் புயல் நவம்பர் 30 இரவு புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. அதோடு வலுவிழந்து போயிருந்தால் மூங்கில்துறைப்பட்டுக்கு மழையோடு போயிருக்கும். ஆனால் உள்ளே நகர்ந்து ஊத்தங்கரையில் ஒரே நாளில் 50 செ.மீ. கொட்டிவிட்டது, சாலையோரம் நின்ற பஸ், வேன்களையே வெள்ளம் உருட்டிக்கொண்டு போனது. அந்தத் தண்ணீரும் சேர்ந்து சாத்தனூர் அணைக்கு வந்து, டிசம்பர் 2 அதிகாலை நொடிக்கு 1,68,000 கன அடி என்ற கணக்கில் தென்பெண்ணையில் இறங்கியது. திறந்து சில மாதங்களே ஆன அகரம்பள்ளிப்பட்டு மேம்பாலம் அதில் போயிற்று. பாலத்தைப் பற்றி எல்லோரும் பேசுகிறார்கள். தண்ணீர் ஏறிய கொல்லைகளில் நின்ற பழைய டிராக்டர் டிரெய்லர்களைப் பற்றிப் பேச்சு குறைவு. கள்ளக்குறிச்சி 1 கூட்டுறவு சர்க்கரை ஆலை இருக்கும் மூங்கில்துறைப்பட்டில், அரவை சூடுபிடிக்கும் மாதத்தில், டிரெய்லர் இல்லாதவனுக்குக் கரும்பு இருந்தும் பயனில்லை. இந்த நேரத்தில் இரண்டு யோசனைகள்தான் காதில் விழும்: கழுவி, பெயிண்ட் அடித்து, கொக்கியில் மாட்டு, இல்லையென்றால் பழைய இரும்பாகப் பேரீச்சம்பழத்துக்குப் போடு. முதலாவது தோற்றத்தை நம்புகிறது, இரண்டாவது வயதை நம்புகிறது. வெள்ளத்தில் நின்ற டிரெய்லர் பிழைக்குமா என்பதை இந்த இரண்டும் சொல்லாது. தண்ணீர் எங்கே தங்கியது என்பதுதான் சொல்லும்.

டிசம்பர் 8, ஞாயிறு

வெள்ளத்தில் மூழ்கிய காரைப் பார்த்துப் பழகிய கண்ணால் டிரெய்லரைப் பார்ப்பதில்தான் குழப்பம் தொடங்குகிறது. காரில் எஞ்சினுக்குள் தண்ணீர் போகிறது, வயரிங் போகிறது, கணினிப் பெட்டி போகிறது. காப்பீட்டுக்காரர் முழு நஷ்டம் என்று எழுதுவதில் நியாயம் உண்டு. டிரெய்லரில் எஞ்சினும் இல்லை, கியர் பாக்ஸும் இல்லை. சேஸிஸ், ஆக்சில், ஸ்பிரிங் பட்டை, ஹப், தொட்டி, கொக்கி என்று எண்ணிவிடலாம். தொட்டித் தகடு வெயிலில் ஒரே நாளில் காய்ந்துவிடும். அது நெளிந்திருந்தால் தட்டி நிமிர்த்தலாம்; ஓட்டை விழுந்திருந்தால் அந்த இடத்தை வெட்டி வேறு தகடு வைக்கலாம். ஆபத்து கண்ணில் படாத இடங்களில் இருக்கிறது. ஹப்புக்குள் வண்டலோடு புகுந்த தண்ணீர், கிரீஸைப் பால் போல வெளுக்க வைத்துவிடும். அந்தக் கிரீஸோடு லோடு இழுத்தால் பேரிங் உருளைகள் மணலை அரைத்துத் தாமும் அரைபடும். ஸ்பிரிங் பட்டைகளுக்கு இடையில் சிக்கிய சேறு ஈரத்தை வாரக்கணக்கில் விடாது. துரு, தான் தின்ற இரும்பைவிட அதிக இடத்தை அடைக்கும். அதனால் ஒட்டியிருக்கும் இரண்டு தகடுகளை அது உள்ளிருந்தே பிளக்கும். சேஸிஸ் திறந்த சேனலாக இருந்தால் குழாயடித்துக் கழுவிவிடலாம். மூடிய பெட்டிக் குழாயாக இருந்தால் உள்ளே போன தண்ணீருக்கு வெளியே வர வழி கிடையாது. அடிப்பக்கம் தாழ்ந்த இடத்தில் துளை போட்டு வடித்தாக வேண்டும்.

கண்ணில் படாத ஈரத்துக்கு வேறோர் உதாரணம்: அமெரிக்காவில் 1950களில் செய்த சுற்றுலா டிரெய்லர்கள் பலவற்றுக்கு மரச் சட்டம், மேலே அலுமினியத் தகடு. புயல் மழை தகட்டின் இணைப்பு வழியாக இறங்கினால், வெளியே பளபளப்பு அப்படியே இருக்க உள்ளே மரம் உளுத்துப் போகும். அவற்றைப் புதுப்பிப்பவர்கள் முதலில் தகட்டை உரித்துவிட்டுத்தான் மற்ற வேலையைத் தொடுகிறார்கள். விடுமுறைக்கு ஓடும் வண்டிக்கே அந்த நிதானம் என்றால், டன் கணக்கில் கரும்பு ஏற்றும் வண்டிக்கு என்ன சொல்வது?

டிசம்பர் 14, சனி

இதற்கெல்லாம் நேரமேது என்பது முதல் ஆட்சேபம்; நியாயமானதும்கூட. வெட்டிய கரும்பு காத்திருக்காது. நாள் ஆக ஆக எடையும் குறையும், சர்க்கரைச் சத்தும் குறையும். ஆனால் அவசரத்தில் மாட்டிய டிரெய்லரின் ஹப் நடுவழியில் இறுகி நின்றாலும் அதே கரும்பு சாலையில்தான் காயும். அதோடு லோடை இறக்கி மாற்று வண்டியில் ஏற்றும் கூலியும் சேரும். நான்கு ஹப்பையும் கழற்றி, டீசலில் கழுவி, பேரிங்கைத் துடைத்துப் பார்த்துப் புதுக் கிரீஸ் அடைப்பது பட்டறையில் மாதக்கணக்கில் நடக்கும் வேலை இல்லை. தொட்டிக்குப் பெயிண்ட் அரவை முடிந்த பிறகு அடித்துக்கொள்ளலாம். வெள்ளம் வடிந்ததும் மேலே புது நிறமும் உள்ளே பழைய சேறுமாகக் கிளம்பும் வண்டியைப் போலப் பொய் சொல்வது வேறில்லை.

பழைய வண்டிக்குச் செலவழிப்பது வீண், புதிது வாங்கலாமே என்பது இரண்டாவது. பழசெல்லாம் கெட்டி என்று நான் வாதாடப் போவதில்லை. அது தாத்தா காலத்துப் பெருமை, இரும்புக்கு அது தெரியாது. கேட்க வேண்டியது தகட்டின் கனம் எவ்வளவு மிச்சம் என்பது. சுத்தியலால் சேஸிஸைத் தட்டிக்கொண்டே போனால் நல்ல இரும்பு கணீரென்று ஒலிக்கும், அரித்தது சொத்தென்று கேட்கும். வயர் பிரஷ் தேய்த்ததும் பளிச்சென்று உலோகம் தெரிந்தால் அது மேல்துரு. ரெட் ஆக்சைடு பூச்சு போதும். அடுக்கடுக்காகப் பெயர்ந்து வந்தால் அந்தத் துண்டை மாற்ற வேண்டும். இரும்பு வேலையில் அப்படித் துண்டு மாற்ற முடிவதுதான் பழைய டிரெய்லரின் பலம். சர்க்யூட் போர்டு இந்தச் சலுகையைத் தராது.

டிசம்பர் 22, ஞாயிறு

பாதுகாப்பு பற்றிய ஆட்சேபம்தான் கனமானது. அதற்கு முன்னால் சிக்கனம் நிற்காது. கொக்கி சேஸிஸோடு சேரும் இடத்திலோ, ஸ்பிரிங் தாங்கியின் மேலேயோ நீளச் சட்டம் அரித்து ஓட்டையாகியிருந்தால், அதன்மேல் தகடு ஒட்டி வெல்டிங் அடிப்பது பழுதை மூடி மறைப்பதாகும். நீளச் சட்டத்தையே மாற்ற வேண்டும்; அதற்கு மனமோ பணமோ இல்லையென்றால் பேரீச்சம்பழக்காரரைக் கூப்பிடலாம், தவறில்லை. பின்விளக்கு வயரிங்கும் இதே கணக்கில்தான் வரும். தண்ணீர் பட்ட இணைப்புகளில் பச்சை பிடித்து விளக்கு எரியாமல் போகும். இருட்டில் பின்விளக்கும் ரிஃப்ளெக்டரும் இல்லாமல் கரும்பு லோடு போகும் சாலையில் பைக்கில் வருபவனுக்கு அது தெரிவது மோதும்போதுதான். பேரிங்கைவிட மலிவான வேலை இது, அதனாலேயே விட்டுப்போகிறது.

வண்டியைப் பட்டறையில் விடுகிறவர்கள் நிறம் என்ன என்று பேசத் தொடங்க வேண்டாம். முதலில் நான்கு சக்கரத்தையும் கழற்றச் சொல்லுங்கள். ஹப்பைத் திறக்கும்போது பக்கத்தில் நின்று, கிரீஸ் என்ன நிறத்தில் வருகிறது என்று நீங்களே பாருங்கள்.